தோள் பையும் இருபத்தைந்தாவது கல்யாண நாளும்

போன தை மாதத்தின் கடைசி வாரம். வியட்நாமின் நடுப்பகுதியில் உள்ள ஒரு கடற்கரை நகரத்து விமான நிலையத்தில், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, என் தோள் பை வெடிமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டது. இரண்டு மணிக்கு எங்கள் விமானம். அதைப் பிடித்தால்தான் ஹோ சி மின் நகரம் போய் மாலையில் கொச்சி விமானம் ஏற முடியும். நானும் என் மனைவியும் ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைக்கப்பட்டோம். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

எப்படி அங்கே போய் உட்கார்ந்தோம் என்பதை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

எனக்கு விருதுநகர். ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபராக இருந்து, வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வத்தல், உளுந்து, நல்லெண்ணெய் விலை நிலவரம், கலெக்டர் அலுவலகச் செய்தி, அவ்வப்போது பட்டாசு ஆலை விபத்து என்று எழுதிக்கொண்டிருந்தவன். என் மனைவி ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறாள். அவளுடைய அப்பா தொடங்கியது. அவர் காலமானபின் பொறுப்பு இவளிடம் வந்தது. எழுபது பேர் வேலை செய்கிறார்கள். கம்பெனி விஷயத்தில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது. கேட் வரை போவேன், காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், திரும்பி வருவேன்.

வெளிநாட்டுப் பயணம் என் யோசனை. இருபத்தைந்து ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டுமாக எங்கும் போனதில்லை. எப்போது கேட்டாலும் சீசன் என்பாள். தீபாவளி வரை சீசன். தீபாவளி முடிந்தால் அடுத்த வருடத்துப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கத் திருத்தங்கல் பிரஸ்சுக்கு அலைய வேண்டும். லேபிள் வந்ததும் வேலை தொடங்கப் பூஜை போட்டால் மறுபடி சீசன். கடைசியில் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், எங்களைக் கேட்காமலே டிக்கெட் போட்டு அனுப்பினாள். ஆறு நாள். நான் நான்கு பக்கத்துக்குப் பயணத் திட்டம் தட்டச்சு செய்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவளிடம் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் அவள் ஏதோ ஒரு டீலருக்கு அனுப்ப வேண்டிய ஐட்டங்களைக் குறித்துவைத்திருந்ததை மறுநாள் பார்த்தேன்.

கிளம்பிய அன்று காலை எட்டரை மணிக்குக் காரில் ஏறினோம்.

"ஆமத்தூர் வழியாத்தான போறோம். கம்பெனில அஞ்சு நிமிசம் தல காட்டிட்டுப் போயிருவோம்" என்றாள்.

அவளுடைய ஐந்து நிமிடம் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியும். திட்டத்தின் முதல் பக்கம், முதல் வரியிலேயே அடி வாங்கியது.

எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு. விமானப் பயணத்துக்கு என்று தனிப் பெட்டி, தனிச் செருப்பு, தனித் துணி. கம்பெனிக்குப் போய்வந்த எதுவும் அவற்றோடு சேராது. பட்டாசு மருந்துத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும், விமான நிலையத்து மெஷின் அதைப் பிடித்துவிடும். அன்றும் என் மனைவி கம்பெனிக்கென்று ஒரு பழைய சேலையை உடுத்தியிருந்தாள். சிவகாசியில் அவளுடைய தங்கை வீட்டில் குளித்து உடை மாற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கேட் அருகே கார் நின்றதும், "நீங்க எறங்குறதா இருந்தா அந்தப் பைய வண்டிலயே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

பைக்குள் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. டிரைவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திறந்த காரில் பாஸ்போர்ட்டை விட்டுப் போகிற ஆள் நான் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கேட்டுக்கு வெளியே முப்பது பெண்கள் நின்றிருந்தார்கள். கல்யாண நாள் விஷயத்தை போர்மேன் சொல்லியிருக்கிறார். தட்டில் ஆரத்தி. பட்டாசுக் கம்பெனி ஆரத்தியில் சூடம் கிடையாது. தீக்குச்சியே அந்தப் பக்கம் வரக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரும் வெற்றிலையும் மட்டும். இரண்டு ரோஜா மாலை வாங்கிவைத்திருந்தார்கள். மாலை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரே சத்தம்.

மாலை போட இரண்டு கையும் வேண்டும். பக்கத்தில் நின்ற அம்மாளிடம் பையை நீட்டினேன். குழாய்களில் மருந்து செலுத்தும் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர் பையை வாங்கவில்லை. கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"எங்கையி மருந்துக் கையிங்கய்யா" என்றார்.

"பரவாயில்ல, பிடிம்மா. நேரமாச்சு" என்று அவர் முழங்கையில் பையை மாட்டிவிட்டேன்.

கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அவர் அதை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அலுமினியப் பவுடர் படிந்து அவர் விரல்கள் வெள்ளி பூசியதுபோல இருந்தன. இதை நான் பார்த்தேன். பார்ப்பதுதானே என் தொழில். பார்த்ததோடு சரி.

"மாலய நேராப் போடுங்கய்யா, அம்மாவுக்குக் களுத்து சுளுக்கிறப் போகுது!" என்று ஒரு பெண் கத்த, "அங்கன போயி வெள்ளக்காரியப் பாத்துக்கிட்டு எங்க மொதலாளியம்மாவ விட்டுட்டு வந்துறாதீக" என்று இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். அது வெள்ளைக்காரர் நாடு இல்லை என்று விளக்க எனக்கு நேரமில்லை. ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமாகியிருந்தது. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

கொச்சியில் அந்தப் பைக்கு எதுவும் ஆகவில்லை. எல்லாப் பையையும் துடைத்துப் பார்ப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எடுக்கிறார்கள்.

பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? ஹோ சி மின் நகரத்தில் ஒரு பெரிய பழைய தபால் நிலையம் இருக்கிறது. வளைந்த கூரை, பழைய கடிகாரங்கள், சுவரில் வரைந்த வரைபடங்கள். நான் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி தூணோரம் நின்று வீடியோ காலில், "அண்ணாச்சி, நாக்பூர் லோடு ஏறிருச்சா? தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொன்னீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றில் படகில் போனோம். இரு கரையும் விளக்கு. படகில் கொடுத்த பிஸ்கட்டை அவள் தின்னாமல் அதன் டப்பாவைப் பிரித்து, உள்பக்கம் திருப்பி, நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "திருத்தங்கல்ல இம்புட்டு மிசின் வச்சிருக்காக, இந்தத் தங்கக் கலர மட்டும் அடிக்கத் தெரியல பாருங்க." அன்று தொடங்கியது. ஊதுபத்தி டப்பா, தேயிலை டப்பா, பல்பசை டப்பா என்று தட்டையாக மடித்த அட்டைகள் என் பையில் சேர்ந்துகொண்டே வந்தன. ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு எண்ணினேன். பதினேழு.

கடற்கரை நகரத்துக்குப் போன மறுநாள் மலை உச்சிக்கு ரோப் காரில் ஏறினோம். என் திட்டத்தின் முக்கியமான இடம் அது. மேலே போனால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. பாலம் என்றார்கள், கோயில் என்றார்கள், பூந்தோட்டம் என்றார்கள். எல்லாம் வெள்ளையாக இருந்தன. இரண்டு மணி நேரம் நனைந்தோம்.

"இதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தோம்? மழயில நனையணும்னா குத்தாலத்துக்கே போயிருக்கலாம்" என்றாள்.

பனிக்கு நானா பொறுப்பு? ஆனாலும் திட்டம் என்னுடையது என்பதால், அன்று முழுக்க அந்தப் பனியை என் தலையில்தான் போட்டாள்.

கல்யாண நாளன்று ஓட்டல்காரர்கள் மகள் சொல்லிவைத்தபடி கேக் கொண்டுவந்தார்கள். நடுவில் மத்தாப்பு மாதிரி பொறி விடுகிற ஒரு மெழுகுவத்தி. அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். என் மனைவி கேக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாப்பத்திரெண்டு செகண்டு. பொக கம்மி. சாம்பலே விழல."

பொறி அடங்கியதும் அந்தக் குழலைக் கேக்கிலிருந்து பிடுங்கி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி, ஊருக்குச் சாம்பிள் கொண்டுபோக வேண்டும் என்றாள். அறைக்கு வந்து அதற்காக ஒரு சண்டை. விமானத்தில் இதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா, நீ சிவகாசிக்காரிதானே என்று கேட்டேன். எரிந்து முடிந்த குழலில் என்ன இருக்கிறது என்றாள். அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். இருபத்தைந்தாவது கல்யாண நாளில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த விமான நிலையம்.

சோதனை வரிசையில் ஓர் இளம்பெண் அதிகாரி என் பையைத் தனியாக எடுத்தார். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றால் பையின் வாரையும் வெளிப்புறத்தையும் துடைத்து, ஒரு சிறிய இயந்திரத்துக்குள் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. புதுத் துண்டு எடுத்து மறுபடி துடைத்தார். மறுபடி சிவப்பு. அவர் முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை. பணிவாக எங்களை அந்தச் சிறிய அறைக்குள் அழைத்துப்போனார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் முதலில் செய்தது மனைவி மீது பாய்ந்ததுதான்.

"அந்தக் குழாயக் குப்பைலேருந்து திருப்பி எடுத்துட்டியா? உண்மையச் சொல்லு."

"ஒங்க பைக்குள்ள நான் எதுக்குக் கைய விடப்போறேன்? நீங்கதான தூக்கிப் போட்டீக!"

"நீ எடுத்திருப்ப. எனக்குத் தெரியும்."

அதிகாரி பையை மேசைமீது கவிழ்த்தார். பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, என் நான்கு பக்கத் திட்டம், பதினேழு அட்டைகள். மெழுகுவத்திக் குழல் இல்லை. என்னிடமிருந்து ஒரு மன்னிப்பு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். நிதானமான ஆங்கிலம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஓய்வு பெற்ற பத்திரிகையாளர் என்றேன். மரியாதை கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, எந்தப் பத்திரிகை, இங்கே எதையாவது எழுத வந்தீர்களா, சுற்றுலா விசாவில்தானே வந்தீர்கள் என்று மேலும் ஆறு கேள்வி கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பன்னிரண்டே கால்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தலைப்புச் செய்தியெல்லாம் வேணாம்" என்றாள் மனைவி.

அடுத்த கேள்வி: கடந்த சில வாரங்களில் வெடிபொருள், பட்டாசு, துப்பாக்கி, இவற்றின் பக்கம் போனீர்களா?

"இல்லை" என்றேன்.

பொய் என்று எனக்குத் தெரியும். பட்டாசு என்ற சொல் வாயிலிருந்து வந்தால் அன்று ஊர் போய்ச் சேரமாட்டோம் என்று தோன்றியது. கம்பெனியைப் பற்றி வாயைத் திறக்காதே என்று அவளிடமும் தமிழில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, என்னிடம் மட்டும் சொன்னாள்.

"இவுக நம்ம பேர எழுதி நம்மூருக்கு அனுப்பிட்டா லைசென்சு என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. எழுவது குடும்பம். ஆனா பொய் சொல்லி மாட்டுனோம்னா கண்டிப்பாப் போயிரும்."

சொல்லிவிட்டு அதிகாரியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீலர் கூட்டங்களில் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், எங்களுக்குப் பட்டாசு ஆலை இருக்கிறது, கிளம்பிய அன்று காலை இருவரும் அங்கே போனோம், என் கணவர் பயத்தில் மறைத்துவிட்டார் என்று சொன்னாள். அதிகாரி என் "இல்லை" எழுதப்பட்டிருந்த வரியைத் தேடி, அதன்கீழ் ஒரு கோடு போட்டார்.

அவளுடைய செல்போனில் எல்லாம் இருந்தது. லைசென்ஸ் நகல், கம்பெனி கேட்டில் அவள் நிற்கும் படம், லேபிள்கள். ஆறு நாளாக என்னை வெறுப்பேற்றிய அதே செல்போன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். உங்கள் கையையும் கைப்பையையும் துடைத்துப் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கின்றன. ஆலையில் வேலையே இல்லாத உங்கள் கணவரின் பையில் மட்டும் எப்படி வந்தது?

"மால மாத்தயில பைய ஆருகிட்டக் குடுத்தீக?" என்றாள் என்னிடம்.

சொன்னேன்.

உடனே கம்பெனிக்கு வீடியோ கால் போட்டாள். நம் ஊரில் அப்போது காலை பதினொன்றரையைத் தாண்டவில்லை, வேலை நேரம். கம்பெனிக்குள் யாரும் செல்போன் வைத்திருக்கக் கூடாது. கேட்டருகே இருக்கும் ஆபீசில் மட்டும்தான். போர்மேன் எடுத்தார். இன்னாரைக் கூட்டி வாருங்கள் என்றாள். "மருந்து செட்டுல இருக்கு. இந்தா கூட்டியாறேன்" என்று போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். திரையில் ஆபீஸ் சுவரும் ஒரு காலண்டரும் மட்டும் தெரிந்தன. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். இரண்டு அதிகாரிகளும் நாங்களும் அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஓடி வரச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"கம்பெனிக்குள்ள ஓட விடமாட்டோம். நடந்துதான் வரணும்."

மணி ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. சத்தமாகவே பேசினேன்.

"எல்லாம் அந்தப் பொம்பளையால வந்தது. கையக் கூட ஒழுங்காக் கழுவாம என் பையத் தொட்டு, இங்க வந்து நம்மள உக்கார வச்சிருச்சு."

திரையின் ஓரத்தில் ஒரு சேலை அசைந்தது. அந்த அம்மாள் வந்து நின்றிருந்தார். போர்மேன் அவரை முன்னால் வரச் சொன்னார். அவர் முகம் முழுதாகத் திரைக்குள் வந்தது.

"களுவிட்டுத்தாங்கய்யா வந்தேன். அம்மா வாராகன்னு ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் களுவுனேன். நான் வேணாம்னுதாங்கய்யா சொன்னேன்."

நான் மேசைமேல் கிடந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"கையக் காட்டு தாயி" என்றாள் என் மனைவி. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு நேரே விரித்தார். ரேகைகள் எல்லாம் வெள்ளிக் கோடுகள். இளம்பெண் அதிகாரி குனிந்து பார்த்தார். செல்போனைத் தன் கையில் வாங்கி, இன்னும் அருகில் வைத்துப் பார்த்தார். மூத்தவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். மூத்தவர் தலையசைத்தார்.

அந்த அம்மாள் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் அப்படியே நின்றார்.

"மொதலாளியம்மா, என்னாலயா ஒங்களப் பிடிச்சு வச்சிருக்காக? நான் போலீசுக்கு வரணுமாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. நீ செஞ்சது ஒண்ணுமே இல்ல. போயி வேலயப் பாரு. நாங்க வந்துருவோம்."

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பையின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தார்கள், பச்சை. என் கைகள், பச்சை. வாரும் வெளிப்புறமும் மட்டுமே சிவப்பு. லைசென்சைப் படம் எடுத்துக்கொண்டார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தப் படிவம் இங்கேயே இருக்கும், ஊருக்கு எதுவும் போகாது என்று மனைவி கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பையை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, பெட்டிகளோடு அனுப்பினார்கள். மூத்த அதிகாரி போகும்போது, உங்கள் ஊரில் என்ன வகைப் பட்டாசு செய்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். என் மனைவி விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்று நாற்பதுக்கு விமானத்துக்குள் ஏறிய கடைசி இரண்டு பேர் நாங்கள்தான்.

விமானத்தில் அவள் செல்போனை அணைத்து மடியில் வைத்திருந்தாள். ஆறு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி கிடைத்திருந்தது. அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை.

"நல்லவேளை, தப்பிச்சோம்" என்று பேச்சைத் தொடங்கினேன்.

"பேப்பர்ல எழுதுவீகளே, அதே மாதிரியே அந்தத் தாயி மேல சொல்லிப்புட்டீக" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

புரியாதவன்போல இருக்க முயன்றேன். முடியவில்லை. எங்கள் பக்கம் விபத்துச் செய்தி எழுதுவதற்கு ஒரு வாசகம் இருக்கிறது. நானே பலமுறை எழுதியது. 'தொழிலாளி கவனக்குறைவாகக் கையாண்டதால் உராய்வு ஏற்பட்டு'. சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த வரி என் மனத்தில் தயாராக இருக்கும். யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. மறுக்க வேண்டியவர் பெரும்பாலும் உயிரோடு இருக்கமாட்டார். அந்த அறையில், ஒரே ஒரு தடவை, மறுக்கக் கூடியவர் திரையில் வந்து நின்றுவிட்டார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மனைவியோடு கம்பெனிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். வியட்நாமில் வாங்கிய தேங்காய் மிட்டாய் டப்பாக்களைக் கேட் ஆபீசில் வைத்து ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே கொடுத்தேன். கேலியும் சிரிப்புமாக இருந்தது. வீடியோ கால் விஷயம் அதற்குள் கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. அந்த அம்மாள் வரிசையில் கடைசியாக வந்தார். நான் மிட்டாயை நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்த மேசைல வச்சிருங்கய்யா, எடுத்துக்கிடுறேன்" என்றார்.

"தப்பு என்னோடதும்மா. நான்தான் பையக் குடுத்தேன். அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அட, விடுங்கய்யா. எங்கையி மருந்தாவது ஏரோப்ளேன்ல போயி வெளிநாட்டப் பாத்துட்டு வந்துருச்சு. நான்தான் இன்னும் மதுரையத் தாண்டல."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கைகள் பின்னால்தான் இருந்தன. மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டு நான் கார்வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் அதை எடுத்தார்.

பத்திரிகையில் தவறாக எழுதிவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு திருத்தம் போட்டுவிடுவோம், கணக்கு முடிந்தது. இந்தத் தவறுக்கு நான் நேரில் போய்த் திருத்தம் சொல்லிவிட்டேன்; ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாளின் கைகள் இன்றும் தாமாகவே பின்னால் போகின்றன, அப்போதெல்லாம் நான் எழுதிய பழைய வரிகளுக்குப் பின்னால் இருந்த கைகளைப் பற்றி யோசிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.